மாமாவின் நோட்டுப் புத்தகம்

பிழை என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எளிது. அறிவியல் படித்த இளைஞனுக்கு இன்னும் எளிது. அவன் கையில் கணினியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டா. சென்ற ஓண விடுமுறையில் அத்தகைய பிழை ஒன்றை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நில்லாமல் திருத்தியும் விட்டேன். அந்தத் திருத்தத்தின் பயனாக, அறுபத்து நான்கு வயதான என் மாமா தம் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நண்பர்களே, அந்தப் பெட்டி மீண்டும் திறந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இடையே சிறிது இயற்பியலும் வரும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர் எலப்புள்ளி. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. நெல்வயல், வரப்பில் பனைமரம், ஆண்டில் பாதி நாள் ஓயாத கணவாய்க் காற்று, இவையே எங்கள் ஊரின் செல்வங்கள். என் தாய்வழிப் பாட்டனார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நெல் அரைவை ஆலை வேலைக்காக அங்கே வந்தார். அப்போது பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபாரோ சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆகவே ஒரு மாவட்டத்தை விட்டு அடுத்த மாவட்டத்திற்கு வந்ததாகத்தான் அவர் நினைத்தார். 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. பாட்டனார் இருந்த திண்ணையிலேயே இருந்தார்; திண்ணை வேறு மாநிலத்திற்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நாங்கள் குடிபெயர்ந்த தமிழர் ஆனோம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், இரண்டும் கலந்தால் எங்கள் தெரு.

அந்தத் தெருவில் ஒரு பேண்டு வாத்தியக் குழு இருக்கிறது. திருமண ஊர்வலத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் வாசிக்கும் எளிய குழு. கிளாரினெட், சாக்சபோன், டிரம்ஸ். கோயில் மண்டபத்தில் அமர்ந்து வாசிக்கும் நாளில் ஓர் ஆர்மோனியமும் சேரும். குழுவைத் தொடங்கியவர் இராணுவ பேண்டில் பணியாற்றித் திரும்பிய ஒருவர். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதும் மேனாட்டு இசைக்குறி முறையை எழுதப் படிக்கப் போதிய பள்ளிப் படிப்பில்லாத கூலித் தொழிலாளர்க்கு அவர் கற்றுக் கொடுத்தார். தாம் கற்பித்த பாட்டுகளை எல்லாம் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். அது இப்போது என் மாமாவிடம் இருக்கிறது. ஓரங்கள் செல்லரித்துவிட்டன. மையும் மங்கிவிட்டது. மாமாவின் கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது.

“மாப்பிள்ளே, நீ படிச்சவன். இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்துட்டா, நாளைக்குப் பசங்க பார்த்துப் படிக்காட்டியும் கேட்டாவது படிப்பாங்க” என்றார் மாமா.

இதைவிட எளிய வேலை உண்டோ என்று எண்ணினேன். இசைக்குறியை எழுதினால் அதை வாசித்தும் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டேன். நவராத்திரிக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வாசிக்க வேண்டிய சங்கராபரண மெட்டு ஒன்றை முதலில் எடுத்தேன். நோட்டில் ஒரு பக்கத்தில் மூன்று வரிசை. மேலே ஆர்மோனியம், நடுவே கிளாரினெட், கீழே சாக்சபோன். மூன்றையும் ஒரு புள்ளி கூடப் பிசகாமல் கணினியில் எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு எழுதி முடித்து, வாசிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

ஐயோ! அதை இசை என்று சொல்ல முடியாது. மூன்று பேர் மூன்று வீட்டில் இருந்துகொண்டு மூன்று சுருதியில் வாசிப்பது போல இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, “என்ன சத்தம் அது?” என்றாள்.

அறிவியல் மாணவன் அல்லவா? ஆராய்ந்தேன். ஆர்மோனிய வரிசையின் தலையில் ஷார்ப் குறி ஒன்றும் இல்லை. கிளாரினெட் வரிசையின் தலையில் இரண்டு ஷார்ப். சாக்சபோன் வரிசையின் தலையில் மூன்று. அதாவது ஆர்மோனியத்தின் ஸ, ‘சி’ என்னும் சுரத்தில் நிற்கிறது. கிளாரினெட்டின் ஸ ‘டி’ என்பதில் நிற்கிறது. சாக்சபோனின் ஸ ‘ஏ’ என்பதில் நிற்கிறது. ஒரே பாட்டுக்கு மூன்று ஆதார சுருதியா? எழுதியவர் தவறிவிட்டார் என்று ஒரே நொடியில் முடிவு கட்டினேன். கிளாரினெட் வரிசையை ஒரு முழு சுரம் கீழே இறக்கி ஆர்மோனியத்தோடு சேர்த்தேன். சாக்சபோனையும் அவ்வாறே இறக்கினேன். இப்போது பொத்தானை அழுத்தினால் தேனாக ஒலித்தது. பெரிய எழுத்தில் அச்சிட்டு, மறுநாள் காலையில் மாமாவிடம் கொடுத்தேன்.

“பழைய நோட்டில் தப்பு இருந்தது மாமா, திருத்திவிட்டேன்” என்றேன்.

மாமா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தப்பா? மாஸ்டர் எழுதினதிலயா?” என்று மெல்லக் கேட்டார். “கம்ப்யூட்டரே சொல்லுது மாமா” என்றேன். அவர் மேலே பேசவில்லை. படித்த மருமகனின் சொல்லை எப்படி மறுப்பார்?

அன்று மாலை ஒத்திகை. சாக்சபோன்காரருக்குப் பாட்டு மனப்பாடம். அவருக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. மாமா மட்டும் என் தாளைப் பார்த்து வாசித்தார். ஆர்மோனியம் ஒன்றாம் கட்டையில் நின்றது. மாமாவின் கிளாரினெட் அதற்கு ஒரு முழு சுரம் கீழே நின்றது. நான்கு அடி போவதற்குள் எல்லாம் குலைந்துவிட்டது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் குலைந்தது. ஆர்மோனியக்காரர் வயதில் மூத்தவர், வாய் சற்று நீளம். “கண்ணு போச்சுன்னு பார்த்தா காதும் போச்சா உனக்கு?” என்று கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ‘என் மருமகன் கொடுத்த தாள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பழி என் மேல் வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கிளாரினெட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். துணியால் துடைத்தார். பெட்டியில் வைத்து மூடினார். வீடு வரையில் நாங்கள் இருவரும் பேசாமல் நடந்தோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணினியில் சரியாக ஒலித்தது மண்டபத்தில் ஏன் பிழையாக ஒலித்தது? நோட்டைப் பிழை என்று சொன்னவனுக்கு விடை காணும் கடமை இருக்கிறது. தேடினேன், படித்தேன். விடை கிடைத்தபோது என் தலை தானே கவிழ்ந்தது.

கிளாரினெட்டில் ‘சி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்குரிய துளைகளை மூடி ஊதினால், வெளிவருவது ‘சி’ அன்று. அதற்கு ஒரு முழு சுரம் கீழே உள்ள ‘பி ஃபிளாட்’. அதனால்தான் அதற்குப் ‘பி ஃபிளாட் கிளாரினெட்’ என்று பெயர். ஆல்ட்டோ சாக்சபோன் ‘ஈ ஃபிளாட்’ கருவி. அதில் எழுதியதற்கும் ஒலிப்பதற்கும் ஒன்பது அரைச்சுரம் இடைவெளி. ஆகவே அந்தக் கருவிகளுக்கு எழுதுகிறவர், கேட்க வேண்டிய சுரத்திற்கு அத்தனை படி மேலே எழுதிக் கொடுக்கிறார். மாஸ்டர் செய்தது அதுதான்.

எண்ணில் பார்ப்போம். 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, ‘ஏ’ என்னும் சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வு என்று வரையறுத்தது. ஓர் அரைச்சுரம் ஏறினால் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகும். இந்தக் கணக்கில் ஆர்மோனியத்தின் ‘சி’ 261.6. கிளாரினெட்காரரின் தாளில் எழுதியிருப்பது ‘டி’. ஆர்மோனியத்தில் அது 293.7. ஆனால் அவர் கருவியில் இரண்டு அரைச்சுரம் கீழே ஒலிப்பதால் வெளிவருவது 261.6. சாக்சபோன்காரரின் தாளில் ‘ஏ’, அதாவது 440. ஒன்பது அரைச்சுரம் கீழே போனால் அதுவும் 261.6! மூவர் தாளில் மூன்று பெயர். கேட்பவர் காதில் ஒரே ஒலி. நான் பிழை என்று சொன்ன அந்த இரண்டு ஷார்ப்பும் மூன்று ஷார்ப்பும், மாஸ்டர் எவ்வளவு கருத்தாகக் கணக்கிட்டு எழுதினார் என்பதற்குச் சான்றுகள்.

ஏன் இந்தச் சுற்று வழி? இருப்பதை இருந்தபடியே எழுதினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காற்றுக் கருவியில் குழல் நீண்டால் சுருதி தாழும், குறுகினால் உயரும். மேனாட்டார் ஒரே வகைக் கருவியைப் பல நீளங்களில் செய்தார்கள். பி ஃபிளாட் கிளாரினெட் இருக்கிறது. அதைவிடச் சிறிது நீண்ட ‘ஏ’ கிளாரினெட்டும் இருக்கிறது. 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்சபோனோ ஒரு குடும்பமாகவே பிறந்தது. ஒவ்வொரு நீளத்திற்கும் ஒவ்வொரு விரல் முறை கற்க வேண்டுமானால் வாசிப்பவன் என்ன ஆவான்? ஆகவே, ‘தாளில் இந்தப் புள்ளி என்றால் விரல் இப்படி’ என்பதை எல்லா நீளத்திற்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். கருவி மாறினாலும் விரல் மாறாது. கணக்குப் போடும் தொல்லை எழுதுகிறவனுக்கு. வாசிக்கிறவனுக்குத் தொல்லை இல்லை. எவ்வளவு அருமையான ஏற்பாடு!

அப்படியானால் கணினி பொய் சொன்னதா? இல்லை. நான் சொன்னதைத்தான் அது வாசித்தது. மூன்று வரிசைகளையும் பியானோ வரிசைகளாகத் தொடங்கியிருந்தேன். பிறகு ஒலிக் கலவைப் பலகையில் ஒன்றுக்குக் கிளாரினெட்டின் குரலையும் மற்றொன்றுக்குச் சாக்சபோனின் குரலையும் தேர்ந்தெடுத்தேன். அதனால் குரல்தான் மாறியது, கருவி மாறவில்லை. கிளாரினெட் வேடம் பூண்ட பியானோ ‘டி’யைக் கண்டால் ‘டி’ என்றே ஒலிக்கும். ‘இது கிளாரினெட்’ என்று நான் கணினிக்குச் சொல்லவே இல்லை. சொல்லாததை அது எப்படி அறியும்?

விடிவதற்குள் திருத்திவிட எண்ணி மேலும் ஒரு பிழை செய்தேன். அந்தப் பியானோ வரிசையையே ‘கிளாரினெட்’ என்று மாற்றினேன். தாளின் தலையில் இப்போது நான்கு ஷார்ப்! ஒலியோ முன்போலவே ‘டி’. ஏன்? இவ்வாறு கருவியை மாற்றும்போது மென்பொருள் ஒலியைக் காப்பாற்றுகிறது. அதற்கேற்ப எழுத்தை மாற்றிவிடுகிறது. என்னிடம் இருந்ததோ நேர்மாறான நிலை. எழுத்து சரி, ஒலி பிழை. ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

இத்தகைய வேலையில் இறங்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கருவியைச் சொல்லுங்கள். பிறகு சுரத்தை எழுதுங்கள். மியூஸ்ஸ்கோர், டோரிக்கோ ஆகிய இரண்டிலும் ‘கான்சர்ட் பிட்ச்’ என்னும் ஏற்பாடு உண்டு. அது இயங்கும்போது தாளில் தெரிவது காதில் கேட்கும் சுரம். நிறுத்தியிருக்கும்போது தெரிவது வாசிப்பவர் பார்க்கும் சுரம். பழைய நோட்டிலிருந்து கிளாரினெட் வரிசையைப் படி எடுக்கும்போது அதை நிறுத்தி வைக்க வேண்டும். மறந்தால் மீண்டும் ஒரு சுரம் ஏறி ஒலிக்கும். டெனர் சாக்சபோனும் பி ஃபிளாட் கருவிதான். ஆனால் கிளாரினெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் பெயர் சரியாக இருக்கும், ஸ்தாயி தவறிவிடும். பாட்டு முழுவதும் எழுதி முடித்த பிறகு சோதிப்பதைவிட, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு ஸ எழுதிச் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்ப்பது நன்று. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் மாமா தலை குனிந்திருக்க மாட்டார்.

காலையில் மாமாவிடம் போனேன். அவர் திண்ணையில் அமர்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். “நோட்டில் தப்பில்லை மாமா. தப்பு என்னுடையது” என்றேன். 261.6, 293.7, 440 என்று நான் கண்ட கணக்கை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இதுக்கு எதுக்கு மாப்பிள்ளே இவ்வளவு கணக்கு?” என்றார் பிறகு. “நாயனக்காரர் ஸ புடிக்கிறார்னா, எந்தக் கட்டைன்னு கேக்காம யாராவது ஒத்து ஊதுவாங்களா?”

நான் திகைத்து நின்றேன். ஆம்! நம் இசையில் ஸ என்பதற்கு நிலையான அதிர்வெண் என்றும் இருந்ததில்லை. பாடகர் ஒரு கட்டையில் பாடினால் ஸ அங்கே. பாடகி ஐந்து கட்டையில் பாடினால் ஸ அங்கே. திமிரி நாயனம் குட்டை, சுருதி உயர்வு. பாரி நாயனம் நீளம், சுருதி தாழ்வு. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை திமிரியை விட்டுப் பாரியைக் கையாண்டு புகழ் பெற்றபோது, அவர் ஸரிகமபதநியின் பெயரையா மாற்றினார்? பெயர் அப்படியே இருந்தது, குழல் நீண்டது, சுருதி தாழ்ந்தது. இன்று நரசிங்கம்பேட்டை நாகசுரம் என்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் கருவியின் கதையும் அதுவே. திருச்சி ஏ. கே. சி. நடராசன் 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றதும் மாமா வாசிக்கும் இதே கிளாரினெட்டை நம் சுருதிக்கு வசப்படுத்தியதால்தான். சின்னசாமி முதலியார் 1893இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியில் அச்சிட்டார். ஸ எந்தக் கோட்டில் நிற்பது என்று முடிவு செய்யாமல் அவரால் ஒரு வரியும் எழுதியிருக்க முடியாது. எழுதிய பெயர் வேறு, ஒலிக்கும் சுருதி வேறு என்பதைத் தமிழன் மென்பொருளிடம் கற்க வேண்டியதே இல்லை. வீட்டுத் திண்ணையிலேயே அது இருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

நண்பர்களே, இன்னொன்றும் அப்போது என் நினைவுக்கு வந்தது. நம் தமிழ் மன்றத்தின் முதல் கூட்டத்திற்கு நான் வந்த நாள். கூட்டம் முடிந்ததும், “வாங்க, ஒரு சாயா குடிக்கலாம்” என்றேன். “இது என்ன தமிழ்?” என்று ஒருவர் சிரித்தார். என் பேச்சின் இழுப்பையும் வேறொருவர் பேசிக் காட்டினார். வேடிக்கையாகச் சொன்னதுதான், அவர்கள் இன்று என் நெருங்கிய தோழர்கள். ஆனால் அன்றிலிருந்து பல மாதங்கள் மன்றத்தில் நான் வாய் திறக்கவில்லை. எலப்புள்ளியில் அதே பேச்சைப் பேசினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே அது சுருதி சேர்ந்த பேச்சு. அந்த வருத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டிருந்த நானே, என் மாமாவின் நோட்டைப் பார்த்து, “இது என்ன இசை?” என்று கேட்டுவிட்டேன். எனக்கு மன்றத்தில் நேர்ந்ததை நான் மண்டபத்தில் அவருக்குச் செய்தேன். இதை எண்ணும்போதுதான் நாணம் மிகுகிறது.

பிழையே உலகில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நோட்டில் உண்மையான பிழைகளும் இரண்டொன்று இருந்தன. ஓரிடத்தில் ஒரு தாள அளவில் கால் பங்கு குறைந்திருந்தது. அதை மாமாவே ஒப்புக்கொண்டு, “மாஸ்டர் அன்னைக்குத் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பார்” என்று சிரித்தார். ஆனால் எந்தக் கருவிக்கு, எந்தச் சுருதியில் எழுதியது என்று கேட்ட பிறகே பிழையைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காதவன் கையில் எத்தனை நுட்பமான கருவி இருந்தாலும் அவன் செவிடனே.

அடுத்த ஒத்திகைக்கு நானும் போனேன். ஆர்மோனியக்காரர் முன்னால் நின்று, “அன்று தவறியது மாமா அல்ல, தாள். தாளை எழுதியவன் நான்” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். சொல்லுவதற்குள் நா வறண்டுவிட்டது. ஆர்மோனியக்காரர் மாமாவைப் பார்த்து, “அதை அன்னைக்கே சொல்லக் கூடாதாடா?” என்றார். மாமா பதில் சொல்லாமல் பெட்டியைத் திறந்தார், சீவாளியை நாவில் நனைத்தார், ஊதினார். ஆர்மோனியத்தின் ஒன்றாம் கட்டையும் கிளாரினெட்டும் சாக்சபோனும் ஒரே ஒலியில் சேர்ந்தன. 261.6 என்று என் மனம் சொல்லியது; அதற்கு மேல் கணக்கில் அது நிற்கவில்லை.

நவராத்திரியில் நன்றாக வாசித்தார்கள். நோட்டில் இன்னும் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு விடுமுறையிலும் சிலவற்றை ஏற்றி வருகிறேன். இரண்டு சிறுவர்கள் இப்போது மாமாவிடம் கிளாரினெட் கற்கிறார்கள். ஒருவனுக்கு வீட்டு மொழி தமிழ், மற்றவனுக்கு மலையாளம். ஒவ்வொரு தாளிலும் முதல் வரியில் கருவியின் பெயரை எழுதிய பிறகே சுரத்தைத் தொடுகிறேன். எழுதி முடித்ததும் மாமாவிடம் கொண்டு போய், “சரியா மாமா?” என்று கேட்கிறேன். அவர் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கிறார். விரல்கள் காற்றிலேயே துளைகளை மூடித் திறக்கின்றன. “சரிதான்” என்று அவர் சொன்ன பிறகே கணினியில் வாசிக்கும் பொத்தானை அழுத்துகிறேன்.